ஒரு நொடிகூட நிற்காத மூலக்கூறை லேசர் எப்படிப் பிடிக்கிறது?

கேள்வி இது: "மார்ஷா லெஸ்டர் என்ற அமெரிக்க வேதி இயற்பியலாளர் வளிமண்டல வினைகளை லேசர் நிறமாலையியல் மூலம் ஆராய்கிறார் என்று படித்தேன். வானத்தை நோக்கி லேசர் செலுத்துவார்களா? கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும் மூலக்கூறை எப்படிப் பார்க்க முடியும்? பார்த்துத்தான் என்ன ஆகப் போகிறது?"

வானத்தை நோக்கி லேசர் செலுத்துபவர்களும் இருக்கிறார்கள். லிடார் என்று அதற்குப் பெயர். தூசியையும் மேகத்தையும் அளக்க உதவும். லெஸ்டரின் வேலை அந்த வகை அன்று. ஃபிலடெல்ஃபியா நகரில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1982 முதல் ஆய்வுக் குழு நடத்தி வருபவர் அவர். 'ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸ்' ஆய்விதழின் ஆசிரியராகவும் இருந்திருக்கிறார். இத்துறையின் ஆய்வகங்கள் பலவற்றில் வானத்தைப் பார்க்க ஜன்னல்கூட இருக்காது. எஃகினால் ஆன வெற்றிடக் கலம் ஒன்று, அதைச் சுற்றி ஓயாமல் உறுமும் பம்புகள், மேசை நிறையக் கண்ணாடிகளும் லென்சுகளும், நொடிக்குப் பத்து முறை 'டக் டக்' என்று துடிக்கும் லேசர். காற்றில் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான வினைகளில் ஒன்றை மட்டும் தனியே பிரித்து அந்தக் கலத்துக்குள் நடத்திப் பார்க்கிறார்கள். நானும் இந்தத் துறையில் சில ஆண்டுகள் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஹைட்ராக்சிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். லெஸ்டரின் நாற்பது ஆண்டுக் கதையில் பெரும்பகுதி இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஹைட்ராக்சில்: ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், அவ்வளவுதான். பறிகொடுத்ததை வேறு யாரிடமாவது பிடுங்கியே தீருவது என்று அலைகிற பொருள் இது. ஓசோனைச் சூரியனின் புற ஊதா ஒளி உடைக்கும்போது தெறித்து வரும் துடிப்பான ஆக்சிஜன் அணு, நீராவியோடு மோதினால் இரண்டு ஹைட்ராக்சில்கள் பிறக்கும். தரைக்கு அருகில் உள்ள சாதாரணக் காற்றிலேயே இது நடக்கிறது என்று 1971இல் ஹைரம் லெவி எடுத்துக்காட்டிய பிறகுதான், காற்று தன்னைத்தானே எப்படிக் கழுவிக்கொள்கிறது என்பது விளங்கத் தொடங்கியது. வெளியேறும் மீத்தேன் சுமார் பத்து ஆண்டுகளில் அழிகிறது என்றால் அதைப் பெரும்பாலும் அழிப்பது ஹைட்ராக்சில்தான். வாகனப் புகையின் கார்பன் மோனாக்சைடுக்கும் அதுவே எமன்.

ஆனால் இந்த எமன் எண்ணிக்கையில் மிகச் சொற்பம். தரைமட்டக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்துக்குள், 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள் இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் அவற்றுள் ஹைட்ராக்சில் ஏறக்குறைய 10 லட்சம். கேட்க நிறைய இருப்பது போலத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் 25 லட்சம் கோடிக்கு ஒன்று. பிறந்து ஒரு நொடி அளவிலேயே எதையாவது தாக்கித் தானும் மறைந்துவிடும். இதை எடைபோட முடியாது, புட்டியில் அடைக்கவும் முடியாது.

பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். ஆயிரம் பேர் கூடியிருக்கும் திருமண மண்டபத்தில் 'முருகேசன்' என்று ஒரு குரல் கொடுத்தால் முருகேசன் மட்டும் திரும்பிப் பார்ப்பார் அல்லவா? ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அப்படித் தனக்கே உரிய அலைநீளங்கள் உண்டு. ஹைட்ராக்சிலுக்கு 282 நானோமீட்டர் பக்கத்தில் சில மெல்லிய கோடுகள் இருக்கின்றன. லேசரைச் சரியாக அந்தக் கோட்டில் நிறுத்தினால் ஹைட்ராக்சில் அந்த ஒளியை விழுங்கித் துள்ளி எழும். ஒரு மைக்ரோநொடிக்குள் 310 நானோமீட்டர் பக்கமாக ஒளியை உமிழ்ந்துவிட்டு அடங்கும். உமிழ்ந்த ஒளியின் அலைநீளம் வேறு, செலுத்திய ஒளியின் அலைநீளம் வேறு. ஆகவே வடிகட்டி ஒன்றை வைத்து லேசரின் சிதறலை ஒதுக்கிவிட்டு, பதில் குரலை மட்டும் கேட்கலாம். லேசர் தூண்டும் ஒளிர்வு என்று இந்த முறையைச் சொல்வார்கள்.

அந்த 282 நானோமீட்டர் எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால் இந்த வேலையின் கைப்பக்குவம் புரியும். 532 நானோமீட்டர் பச்சை லேசர் ஒன்று, ஓடிக்கொண்டே இருக்கும் ரோடமைன் சாயக் கரைசலில் பாயும். சாயம் மஞ்சள் ஒளியில் மின்னும்; அதை 564 நானோமீட்டருக்குத் திருப்பி வைத்து, ஒரு படிகத்துக்குள் செலுத்தினால் அலைநீளம் பாதியாகி 282 ஆகிவிடும். படிகத்தை ஒரு மயிரிழை சாய்த்தால் புற ஊதா காணாமல் போகும். அது கண்ணுக்குத் தெரியாத ஒளி வேறு. பாதையில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, அதில் விழும் நீலப் பொட்டை வைத்துத்தான் கற்றை எங்கே போகிறது என்று அறிய வேண்டும். சாயத்தை மாற்றுகிற நாளில் எவ்வளவு கவனமாகக் கையுறை போட்டாலும் விரலிடுக்கில் இளஞ்சிவப்புக் கறை ஒட்டிக்கொள்ளும், இரண்டு மூன்று நாள் போகாது. காலையில் கண்ணாடிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினால் முதல் சமிக்ஞை திரையில் எழும்போது சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். இதை எந்த ஆய்வுக் கட்டுரையும் எழுதுவதில்லை.

ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் சுழலும் ஹைட்ராக்சிலுக்கு உரியவை. எனவே 'ஹைட்ராக்சில் இருக்கிறதா' என்பதோடு, 'எவ்வளவு ஆற்றலோடு சுழன்றுகொண்டு பிறந்தது' என்பதையும் லேசர் சொல்லிவிடும். லெஸ்டர் குழு இந்த இரண்டாவது தகவலை வைத்து ஒரு நல்ல கணக்குப் போட்டது.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். ஹைட்ராக்சில் அதோடு மோதாத நேரமே இல்லை. மோதும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு மூன்று ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் வரிசையாக நிற்கும் ஹைட்ரஜன் ட்ரையாக்சைடு ரேடிக்கல் (ஜோடி சேராத எலக்ட்ரானோடு அலையும் துண்டு) ஆகுமா? ஆகும் என்றால் எத்தனை இறுக்கமாக? இறுக்கமாக ஒட்டினால், குளிர்ந்த உயரமான காற்றில் ஹைட்ராக்சிலில் ஒரு பெரும் பங்கு இந்த வேடத்தில் ஒளிந்திருக்கக்கூடும். நாம் போட்ட கணக்கெல்லாம் தப்பாகிவிடும். லெஸ்டர் குழு அந்த மூலக்கூறைக் கடுங்குளிர் வாயுத் தாரையில் உண்டாக்கியது. வாயுவை ஒரு சிறு துளை வழியாக வெற்றிடத்துக்குள் பீறிட விட்டால் அது சில கெல்வின் வரை குளிர்ந்துவிடும். பலவீனமான பிணைப்புகூட அங்கே தாக்குப்பிடிக்கும். அதன்மேல் அகச்சிவப்பு லேசரைச் செலுத்தி உடைத்தார்கள். உடைந்து வந்த ஹைட்ராக்சிலைப் புற ஊதா லேசரால் விசாரித்தார்கள். உள்ளே செலுத்திய ஆற்றல் தெரியும். வெளியே வந்த ஹைட்ராக்சில் அதிகபட்சம் எடுத்துக்கொண்டு போன ஆற்றலும் தெரியும். வரவில் செலவைக் கழித்தால், பிணைப்பை உடைக்க இதற்கு மேல் செலவாகியிருக்க முடியாது என்ற மேல்வரம்பு கிடைக்கும். அது மோலுக்குச் சுமார் 5.3 கிலோ கலோரி என்று வந்தது.

மேல்வரம்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். உண்மையான மதிப்பு அதுவாகவே இருந்தால் உயரத்தில் ஹைட்ராக்சிலின் கணிசமான பங்கு ஒளிந்திருக்கும் என்று பேச்சு எழுந்தது. 2010இல் பிரான்சின் ரென் நகர ஆய்வாளர்கள் மைனஸ் 170 டிகிரி செல்சியசுக்கும் கீழே குளிர்ந்த வாயு ஓட்டத்தில் இதே பிணைப்பை வேறு வழியில் அளந்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 2.9 கிலோ கலோரி. அத்தனை தளர்வான பிணைப்பு காற்றில் நிற்காது. ஒளிந்திருக்கும் பங்கைப் புறக்கணித்துவிடலாம். லெஸ்டரின் அளவீடு தவறு என்று சிலர் இதைப் படித்தார்கள். 2.9 என்பது 5.3-க்குக் கீழே இருக்கும் எண் என்பதைத் தவிர இதில் சண்டை ஒன்றும் இல்லை. வரம்பை மதிப்பாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

இப்போது இன்னொரு மூலக்கூறு. என் கருத்தில், இத்துறையில் கடந்த கால் நூற்றாண்டில் நடந்த மிகச் சுவையான கதை இது.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் பணியாற்றிய ருடால்ஃப் கிரீகி, 1949இல் ஒரு யோசனையை முன்வைத்தார். கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ள சேர்மத்தை ஓசோன் தாக்கினால் முதலில் ஐந்து அணுக்கள் கொண்ட ஒரு வளையம் உண்டாகிறது. அது உடையும்போது ஒரு பக்கம் ஆல்டிஹைடோ கீட்டோனோ வருகிறது, மறுபக்கம் ஒரு கார்பனும் அதன் வாலில் இரண்டு ஆக்சிஜனும் கொண்ட விசித்திரமான துண்டு வருகிறது என்றார். அவர் பார்த்தது திரவக் கரைசலில் நடந்த வினைகளின் விளைபொருள்களை மட்டுமே. துண்டை அவர் பார்க்கவில்லை. 'இப்படி ஒன்று இடையில் இருந்தால்தான் கடைசியில் வந்தது வந்திருக்க முடியும்' என்ற துப்பறிவாளரின் தர்க்கம். கிரீகி இடைநிலை என்ற பெயர் நிலைத்தது. பாடப்புத்தகங்களில் ஏறியது. வளிமண்டலத்தைக் கணக்கிடும் கணினி மாதிரிகளிலும் ஏறியது. ஆனால் காற்று நிலையில் அதை நேரடியாகக் கண்டவர் அறுபது ஆண்டுகளாக யாரும் இல்லை.

ஏன் இத்தனை காலம்? கருவியின் குறை என்று நினைப்பீர்கள். உண்மையான சிக்கல் வேறு. ஓசோன் வினை மெதுவாக நடக்கும். பிறந்த துண்டோ வேகமாகச் செலவாகிவிடும். சொட்டுச் சொட்டாக நீர் விழும் குழாயின் கீழே ஓட்டைப் பானையை வைத்தால் பானையில் எப்போதும் தண்ணீர் இருக்காது. எவ்வளவு நுட்பமான லேசரைக் கொண்டுவந்தாலும் இல்லாததை அளக்க முடியாது. தேவைப்பட்டது ஒரே நொடியில் பானையை நிரப்பும் வேறு குழாய்.

அந்தக் குழாயை அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தில் கிரெய்க் டாட்ஜெசின் குழு, மான்செஸ்டர், பிரிஸ்டல் பல்கலைக்கழக நண்பர்களோடு சேர்ந்து கண்டுபிடித்தது. ஓசோனையே விட்டுவிட்டார்கள். டையயோடோமீத்தேன் ஆவியின்மேல் புற ஊதா லேசரைச் செலுத்தினால் ஓர் அயோடின் கழன்று விழும். மிச்சத்தோடு ஆக்சிஜன் மோதினால் அது இரண்டாவது அயோடினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கிடைப்பது மிக எளிய கிரீகி இடைநிலை, ஃபார்மால்டிஹைடு ஆக்சைடு. அதுவும் லேசர் துடித்த அதே கணத்தில், மொத்தமாக. 2012 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தபோது, 'இவ்வளவு எளிதா?' என்று எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டையயோடோமீத்தேன் ஒரு விந்தையான திரவம். தண்ணீரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கனம். சின்னப் புட்டியைத் தூக்கும்போது கை ஒரு கணம் ஏமாந்துபோகும். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் உள்ளே செப்புத் துண்டுகளைப் போட்டு, வெளியே அலுமினியத் தாள் சுற்றி, குளிர்பெட்டியில் வைப்பார்கள். ஒரு மாலை அவசரத்தில் நான் அதைத் தாள் சுற்றாமல் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன். மறுநாள் வெளிர் மஞ்சளாக இருந்த திரவம் தேநீர் டிகாஷன் நிறத்துக்கு மாறியிருந்தது: கழன்ற அயோடின். அதைக் கவனிக்காமல் ஓட்டியதில் அடுத்த இரண்டு நாள் எங்கள் திரையில் எழுந்த அழகான கோடுகள் எல்லாம் அயோடின் மூலக்கூறினுடையவை. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி மட்டும் மிச்சம்.

உண்டாக்கியாயிற்று. அது அதுதான் என்று எப்படி நிச்சயிப்பது? ஃபார்மால்டிஹைடு ஆக்சைடின் நிறை 46. ஃபார்மிக் அமிலத்தின், அதாவது கட்டெறும்பு கடித்தால் எரியச் செய்யும் அந்த அமிலத்தின் நிறையும் 46. அணுக்களும் அதே அணுக்கள், கோத்த விதம் மட்டும் வேறு. டையாக்சிரேன் என்று மூன்றாவது உடன்பிறப்பும் உண்டு. தராசுக்கு மூன்றும் ஒன்று. ஆனால் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க ஒவ்வொன்றிலும் வெவ்வேறு ஆற்றல் தேவை: கிரீகிக்குச் சுமார் 10.0 எலக்ட்ரான் வோல்ட், டையாக்சிரேனுக்கு 10.8, ஃபார்மிக் அமிலத்துக்கு 11.3. பெர்க்லியில் உள்ள சிங்க்ரோட்ரான் ஒளிமூலத்தில் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றி ஒளி எடுக்கும் பெரிய கருவி அது) ஒளியின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனார்கள். 10-ஐத் தொட்டதும் நிறைமானியில் 46-இல் சமிக்ஞை எழுந்தது. ஃபார்மிக் அமிலம் அந்த ஆற்றலில் வாயே திறக்காது. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அடுத்து அளவீடு. கிரீகி இடைநிலையைக் கொஞ்சமாக உண்டாக்கி, அதைவிடப் பல மடங்கு கந்தக டை ஆக்சைடை விட்டு, சமிக்ஞை எத்தனை மில்லிநொடியில் பாதியாகிறது என்று பார்க்க வேண்டும். கந்தக டை ஆக்சைடைக் கூட்டினால் இன்னும் விரைவாகத் தேயும். நான்கைந்து அளவுகளில் திரும்பத் திரும்ப அளந்து வரைபடத்தில் போட்டால் நேர்கோடு வரும். அதன் சாய்வுதான் வினைவேக மாறிலி. கந்தக டை ஆக்சைடுக்கு அது நொடிக்கு 3.9 × 10⁻¹¹ கன சென்டிமீட்டர் என்று வந்தது. எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. இரண்டு மூலக்கூறுகள் ஒரு சில முறை மோதினாலே வினை நடந்துவிடுகிறது என்று அதற்குப் பொருள். அதுவரை மாதிரிகளில் எழுதி வைத்திருந்த மதிப்புகளைவிட நூற்றுக்கணக்கான மடங்குக்கும் மேல்!

கந்தக டை ஆக்சைடு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கந்தக அமிலம். கந்தக அமிலம் என்றால் காற்றில் நுண்துகள். நுண்துகள் என்றால் மேகத்துளிக்கு விதை. மேகம் என்றால் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் குடை. 'புவியைக் குளிர்விக்கும் மூலக்கூறு' என்ற தொனியில் செய்திகள் வந்தன. அதே ஆண்டு பின்லாந்தின் பைன் காட்டில் அளந்த ஒரு குழு, கந்தக அமிலத்தின் அளவை ஹைட்ராக்சில் ஒன்றால் மட்டும் விளக்க முடியவில்லை, ஓசோனும் மரங்கள் விடும் ஆவியும் சேர்ந்து வேறொரு ஆக்சிஜனேற்றியை உண்டாக்குகின்றன என்று 'நேச்சர்' இதழில் எழுதியது. துண்டுகள் பொருந்துவது போலிருந்தது.

லெஸ்டர் இந்தக் கதைக்குள் நுழைவது அதே 2012இல். அவர் கேட்ட கேள்வி: இதன் புற ஊதா நிறமாலை எப்படி இருக்கும்? விடை கண்ட விதம் சாமர்த்தியமானது. குளிர்த் தாரையில் கிரீகியை உண்டாக்கி, 118 நானோமீட்டர் லேசரால் அயனியாக்கி, 46-இல் வரும் சமிக்ஞையைப் பார்த்துக்கொண்டே இருப்பது. அதற்குச் சற்று முன்னால் வேறொரு புற ஊதா லேசரை விடுவது. அந்த லேசரைக் கிரீகி விழுங்கினால் உடைந்துபோகும், 46 குறையும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு குறைகிறது என்று வரைந்தால் அதுவே நிறமாலை. 335 நானோமீட்டர் பக்கத்தில் பெரிய பள்ளம் விழுந்தது. மிகத் தீவிரமாக ஒளியை விழுங்கும் மூலக்கூறு இது என்று தெரிந்துவிட்டது. அதாவது சிங்க்ரோட்ரான் இல்லாதவர்களும், ஒரு விளக்கும் ஒரு நிறமாலைமானியும் வைத்திருந்தால் இனி இதைத் தொடர முடியும். கதவு எல்லோருக்கும் திறந்தது அங்கேதான். மறு ஆண்டு தைவானில் யுவான்-பெர்ன் லீயின் குழு அகச்சிவப்பு நிறமாலையையும் எடுத்துவிட்டது.

2014இல் லெஸ்டர் தன் பழைய நண்பனான ஹைட்ராக்சிலிடம் திரும்பினார். ஒரு மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) கூடிய கிரீகி இடைநிலையில், வாலில் உள்ள ஆக்சிஜன் மெத்தில் பக்கமாக வளைந்திருந்தால், அந்த மெத்திலின் ஹைட்ரஜன் ஒன்று ஆக்சிஜனுக்குத் தாவலாம். பிறகு அந்த முனை முறிந்து ஹைட்ராக்சிலாகப் பறந்துவிடும் என்பது கோட்பாட்டாளர்கள் சொன்னது. தாவுவதற்கு ஓர் ஆற்றல் தடை உண்டு, மோலுக்குச் சுமார் 17 கிலோ கலோரி. லெஸ்டர் குழு ஏறத்தாழ அதே ஆற்றல் கொண்ட அகச்சிவப்பு ஒளியை, 5600 முதல் 6000 அலையெண் வரை (ஒளியின் ஆற்றலைச் சொல்லும் ஓர் அளவு இது), குளிர்ந்த மூலக்கூறுக்கு ஊட்டியது. சில நானோநொடிகள் கழித்து 282 நானோமீட்டர் லேசர். ஹைட்ராக்சில் பதில் சொன்னது. பிற்பாடு, அகச்சிவப்புக்கும் புற ஊதாவுக்கும் இடையே உள்ள நேரத்தை மெல்ல மெல்ல நகர்த்தியதில், முறியும் வேகத்தையே அளந்துவிட்டார்கள்.

தடையின் உச்சிக்குக் கீழே உள்ள ஆற்றலிலும் ஹைட்ராக்சில் வந்ததுதான் இதில் என்னைக் கவர்ந்தது. மதில் உயரத்துக்கு எகிற முடியாதவன் மதிலின் மறுபுறம் நிற்கிறான் என்றால், மதிலுக்குள் புகுந்து வந்திருக்கிறான். குவாண்டம் சுரங்க விளைவு. இது வெறும் பேச்சன்று என்று காட்ட ஹைட்ரஜனுக்குப் பதிலாக இரு மடங்கு கனமான டியூட்டீரியத்தைப் பொருத்தினார்கள். கனமானவனுக்குச் சுவருக்குள் புகுவது கடினம். வேகம் சுமார் பத்து மடங்கு குறைந்தது.

இது காற்றுக்கு ஏன் முக்கியம்? ஓசோனை உடைத்து ஹைட்ராக்சில் உண்டாக்க வெயில் வேண்டும் என்று மேலே சொன்னேன். கிரீகி வழிக்கு வெயில் வேண்டாம். இரவிலும் நடக்கும், மூடுபனிக் குளிர்காலத்திலும் நடக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் கோடையிலும் குளிர்காலத்திலும் ஹைட்ராக்சிலை அளந்து 2004இல் வெளியிட்டார்கள். வெயிலின் வழியாக உண்டாவது குளிர்காலத்தில் பல மடங்கு சரிந்தபோதும், ஹைட்ராக்சில் அளவு பாதியளவுதான் குறைந்திருந்தது. ஈடுகட்டியதில் பெரும்பங்கு, வாகனப் புகையின் இரட்டைப் பிணைப்புச் சேர்மங்களை ஓசோன் தாக்கியதில் வந்தது. அந்தக் கணக்கின் நடுவே எழுதப்படும் கிரீகியின் முறிவு வேகம் அதுவரை ஊகம். இப்போது அளவீடு.

குளிர்விக்கும் மூலக்கூறு என்ன ஆயிற்று? தண்ணீர் குறுக்கே வந்தது.

சாண்டியா குழு அளந்தது மிகக் குறைந்த அழுத்தத்தில். அங்கே நீராவியை நிறைய விட இடமில்லை. நீராவியோடு வினை மெதுவாகத்தான் இருக்கிறது, கண்டறியும் எல்லைக்குக் கீழே, என்று அவர்கள் எழுதியது அந்த நிலைமைக்குச் சரிதான். தைவானின் அகாடமியா சினிக்காவில் ஜிம் லின்னின் குழு, லெஸ்டர் காட்டிய அந்தப் புற ஊதா உட்கவர்தலைப் பிடித்துக்கொண்டு, சாதாரண அழுத்தத்தில் ஈரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தது. ஈரப்பதத்தை இரட்டிப்பாக்கினால் கிரீகி மறையும் வேகம் இரட்டிப்பாகவில்லை, நான்கு மடங்கானது. வர்க்கத்தில் கூடுகிறது என்றால், ஒரு நீர் மூலக்கூறு தனியாக வந்து தாக்கவில்லை, இரண்டு கைகோத்து வந்து தாக்குகின்றன. நீராவியில் இப்படி இணையாகத் திரிபவை ஆயிரத்துக்கு ஒன்று இருக்கும். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. 2015இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான இந்த முடிவின்படி, சாதாரண ஈரக் காற்றில் ஃபார்மால்டிஹைடு ஆக்சைடின் ஆயுள் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. கந்தக டை ஆக்சைடு வந்து சேர்வதற்குள் தண்ணீர் முடித்துவிடும்.

ஒரே வரைபடத்தின் கோடு நேராக இல்லாமல் வளைந்ததால் ஒரு தலைப்புச் செய்தி விழுந்தது. நான் இதைத் தோல்வியாகச் சொல்லவில்லை. 3.9 × 10⁻¹¹ இன்றும் சரியான எண்தான், அட்டவணைகளில் இருக்கிறது. காற்றில் அதற்குப் போட்டியாக நிற்கும் தண்ணீர் கந்தக டை ஆக்சைடைவிட மிக மிக அதிகம், அவ்வளவே. நீங்கள் கேட்ட 'பார்த்து என்ன ஆகப் போகிறது' என்பதற்கு என் விடையும் இங்கேதான் இருக்கிறது: இந்த ஆய்வகங்கள் விளைவிப்பது எண்கள். அவற்றை நிபுணர் குழுக்கள் சலித்து அட்டவணையாக்குகின்றன. ஓசோன் படலம் எப்போது மீளும், ஒரு நகரின் புகைமூட்டம் எதைக் கட்டுப்படுத்தினால் குறையும் என்று கணிக்கும் கணினி மாதிரிகள் அந்த அட்டவணையிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. ஒரு வரியில் ஆயிரம் மடங்கு பிழை இருந்தால் மாதிரிக்குத் தெரியாது. அது கேட்காமல் பெருக்கிக்கொண்டே போகும்.

எல்லாக் கிரீகிகளும் தண்ணீருக்குப் பலியாவதில்லை என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது. இருபுறமும் மெத்தில் உள்ள வகை தண்ணீரை அவ்வளவாக மதிப்பதில்லை, கந்தக டை ஆக்சைடையோ மேலும் வேகமாகத் தாக்குகிறது என்று அதே லின் குழு அதே ஆண்டில் காட்டியது. ஆனால் அது தானாகவே முறிந்து ஹைட்ராக்சில் விடும் அவசரக்காரன். எந்த வகை எந்தக் காற்றில் எந்த வழியில் முடிகிறது என்பதை ஒவ்வொன்றாகத்தான் அளக்க வேண்டும். பொதுவிதி சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

கடைசியாக ஐசோப்ரீன். மரங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி டன் விடுகின்றன. மீத்தேனைத் தவிர்த்தால் இத்தனை அளவில் காற்றில் கலக்கும் ஹைட்ரோகார்பன் வேறில்லை. அதை ஓசோன் தாக்கினால் வரும் கிரீகிகளில் நான்கு கார்பன் கொண்டவை இரண்டு. அவற்றை ஆய்வகத்தில் செய்யப் பழைய அயோடின் தந்திரம் அப்படியே எடுபடவில்லை. இரட்டைப் பிணைப்பு குறுக்கே நிற்கிறது. லெஸ்டரும் உடன் பணிபுரிந்த கரிம வேதியியலாளர்களும் இரண்டு அயோடினையும் ஒரே கார்பனில் வைக்காமல் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒன்றாக, முதல் கார்பனிலும் மூன்றாம் கார்பனிலும் பொருத்தினார்கள். ஒளி முனையில் உள்ள அயோடினைக் கழற்றும். இரட்டைப் பிணைப்பு நகர்ந்து கொடுக்கும். ஆக்சிஜன் மறுமுனையில் வந்து இரண்டாவதைத் தள்ளும். 2018இல் மெத்தில் வினைல் கீட்டோன் ஆக்சைடு முதன்முறையாகக் கலத்துக்குள் பிறந்தது. அகச்சிவப்பை ஊட்டினார்கள், 282-இல் கேட்டார்கள். ஹைட்ராக்சில் அங்கேயும் பதில் சொன்னது.